ராமானுஜன் விட்டுச் சென்ற 26 இலக்கப் பகா எண்

80561663527802406257321747

பயப்படாதீர்கள், இது யாருடைய வங்கிக் கணக்கு எண்ணும் இல்லை. 26 இலக்கம் கொண்ட ஒரு பகா எண். 1ஐயும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாது. இந்த அளவுள்ள எண்களில் சராசரியாக அறுபதுக்கு ஒன்று பகா எண்தான். அப்படியிருக்க இந்த ஒன்றுக்கு மட்டும் ஏன் ஒரு கட்டுரை? இதன் பூர்வீகம் நம்ம தஞ்சாவூர்ப் பக்கம் என்பதால். கண்டுபிடித்தவர் அமெரிக்காவில் இருந்த ஒரு பேராசிரியர், 1965இல். ஆனால் அவர் தேடிய இடம் கும்பகோணத்தில் வளர்ந்த ஒருவர் காட்டிய இடம்.

"பி.காம் படிக்கிறவனுக்கு எதுக்குடா இது?" என்று வகுப்பில் கேட்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். சுற்றிச் சுற்றி இருப்பாய்வில்தான் வந்து நிற்கப் போகிறோம் :-)

கணக்கர் வீட்டுப் பிள்ளை

ராமானுஜன் கதை எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிறோம். 1887 டிசம்பர் 22 ஈரோட்டில் பிறந்தார், கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்தார், நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் சொன்னாள், இங்கிலாந்து போனார், 32 வயதில் இறந்தார். அவ்வளவுதான் நமக்குத் தெரிந்த கதை. பூதலூரில் ரயில் ஏறினால் தஞ்சாவூர் தாண்டிக் கும்பகோணம். இவ்வளவு பக்கத்தில் இருந்தும், அவர் என்ன கணக்குப் போட்டார் என்று நாம் கேட்பதே இல்லை.

நமக்குப் பிடித்த தகவல் ஒன்று சொல்கிறேன். அவர் அப்பா ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியவர். அவரே 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார், மாதம் 30 ரூபாய் சம்பளம். 1913 ஜனவரி 16 தேதியிட்டு கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதத்தின் முதல் வரியிலேயே தன்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவு குமாஸ்தா என்றுதான் அறிமுகம் செய்துகொள்கிறார். நம்ம துறை ஆள்தான்!

அந்தக் கடிதப் போக்குவரத்தில் பகா எண்களைப் பற்றியும் எழுதினார். ஓர் எல்லைக்குள் எத்தனை பகா எண்கள் இருக்கின்றன என்பதைக் கிட்டத்தட்ட துல்லியமாகச் சொல்லும் சூத்திரம் தன்னிடம் இருப்பதாக நம்பினார். ஜெர்மானியர் ரீமான் 1859இல் எழுதியதற்கு இணையான சூத்திரம் அது. யாரும் சொல்லித் தராமல் அங்கே போய்ச் சேர்ந்ததே பெரிய விஷயம்.

போட்டுப் பார்த்தால் பிரமாதமாகப் பொருந்தும். 1000க்குள் 168 பகா எண்கள் இருக்கின்றன. சூத்திரமும், பின்னத்தைத் தள்ளிவிட்டால், 168 என்றே சொல்லும். ஆனால் 10 லட்சத்துக்குப் போங்கள். உண்மையில் இருப்பது 78,498. சூத்திரம் சொல்வது சுமார் 78,527. வித்தியாசம் 29. ஒரு கோடியில் வித்தியாசம் 88 ஆகிறது. ராமானுஜன் நினைத்ததைவிடப் பிழை மிகப் பெரியது. காரணத்தை ஹார்டியின் நண்பர் லிட்டில்வுட் பிடித்துவிட்டார். ரீமான் சார்பு என்று ஒன்று உண்டு. அது சில சிக்கலெண்களில் பூஜ்ஜியமாகிறது. அந்தப் பூஜ்ஜியங்கள் பகா எண் கணக்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுகின்றன. ராமானுஜன் அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. சின்ன எண்களில் அந்த ஆட்டம் கண்ணுக்கே தெரியாது.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 1000 வரை டேலி ஆனது. ஆனாலும் கணக்கு தப்பு.

முப்பது வரி அட்டவணை

1914 மார்ச் 17 அன்று சென்னையில் கப்பல் ஏறினார். இரண்டு வருடம் கழித்து, 1916இல், கேம்பிரிட்ஜ் தத்துவக் கழகத்தின் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அதில் வருவதுதான் இன்று 'ராமானுஜன் டௌ சார்பு' எனப்படும் சங்கதி. பெயர்தான் பயமுறுத்தும், செய்முறை பத்தாம் வகுப்புப் பெருக்கல்தான்:

அ × (1 − அ)²⁴ × (1 − அ²)²⁴ × (1 − அ³)²⁴ × ...

இப்படி முடிவில்லாமல் பெருக்கிக்கொண்டே போங்கள். விரித்து எழுதினால் அ, அ², அ³ என்று ஒவ்வொன்றின் முன்னாலும் ஓர் எண் வரும். அந்தக் கெழுக்கள்தான் டௌ. டௌ(1) = 1, டௌ(2) = −24, டௌ(3) = 252, டௌ(4) = −1472, டௌ(5) = 4830, டௌ(6) = −6048, டௌ(7) = −16744... முதல் மூன்றை நீங்களே பேப்பரில் சரிபார்க்கலாம். முதல் அடைப்பில் 276 வரும், இரண்டாவது அடைப்பிலிருந்து −24 வரும், கூட்டினால் 252.

ராமானுஜன் இப்படி 30 வரை கையால் போட்டு ஓர் அட்டவணை தயாரித்தார். அதை உற்றுப் பார்த்து மூன்று விஷயங்கள் சொன்னார்.

ஒன்று: பொதுக் காரணி இல்லாத இரண்டு எண்களைப் பெருக்கினால் அவற்றின் டௌக்களும் பெருகும். 2 × 3 = 6. (−24) × 252 = −6048. சரியாக டௌ(6)!

இரண்டு: ஒரு பகா எண்ணின் வர்க்கத்துக்கு டௌ வேண்டுமா? அந்தப் பகா எண்ணின் டௌவை வர்க்கமாக்கி, அதிலிருந்து அந்தப் பகா எண்ணின் 11ஆம் அடுக்கைக் கழியுங்கள். 24² − 2¹¹ = 576 − 2048 = −1472. டௌ(4) வந்துவிட்டது. மேல் அடுக்குகளுக்கும் இதேபோல ஒரு விதி உண்டு.

மூன்று: ஒரு பகா எண்ணின் டௌ எவ்வளவு பெரிதானாலும், அந்தப் பகா எண்ணின் 11ஆம் அடுக்குக்கு வர்க்கமூலம் எடுத்து, அதைப் போல் இரண்டு மடங்கைத் தாண்டாது. 2க்கு அந்த எல்லை சுமார் 90. டௌ(2) வெறும் 24தான். உள்ளே அடங்குகிறது.

மூன்றுக்கும் அவரிடம் நிரூபணம் இல்லை. கையில் இருந்தது முப்பது வரி. பகா எண் விஷயத்தில் ஆயிரம் வரை பொருந்தியே கவிழ்ந்தது. முப்பது எம்மாத்திரம்? ஆனால் இந்த முறை மூன்றும் சரி. முதல் இரண்டையும் மோர்டெல் அடுத்த ஆண்டே, 1917இல், நிரூபித்தார். மூன்றாவதற்கு 1974 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெல்ஜியம் நாட்டு பியர் டெலீன், ராமானுஜன் காலத்தில் இல்லவே இல்லாத கணிதத்தை எல்லாம் கொண்டுவந்து நிரூபித்தார். 1978இல் அவருக்கு ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடைத்தது.

ஆக ஒரே மனிதர், ஒரே மாதிரியான உற்றுநோக்கல். ஒரு முறை தப்பு, ஒரு முறை சரி. அட்டவணையை மட்டும் பார்த்து எது தப்பு, எது சரி என்று பிரித்திருக்க முடியுமா? முடியாது. அதற்குத்தான் நிரூபணம் வேண்டியிருக்கிறது.

251இன் வர்க்கம்

இப்போது நம் 26 இலக்க எண்ணுக்கு வருவோம். டௌ வரிசையில் வரும் விடைகளில், மைனஸ் குறியை விட்டுவிட்டால், ஏதாவது பகா எண்ணாக இருக்குமா? அமெரிக்காவின் பெர்க்லியில் இருந்த டெரிக் ஹென்றி லேமர் (1905–1991) இதைத் தேடிப் பார்த்தார்.

தேடுவது ஏன் கஷ்டம் என்று பாருங்கள். மேலே பார்த்த விடைகள் முக்கால்வாசி இரட்டைப்படை. அது தற்செயல் அல்ல. 19ஆம் நூற்றாண்டில் யாக்கோபி தந்த ஒரு சமன்பாட்டைக் கொண்டு பார்த்தால், ஒற்றைப்படை வர்க்க எண்களுக்கு (1, 9, 25, 49...) மட்டுமே டௌ ஒற்றைப்படையாக வரும் என்று தெரிகிறது. மற்ற எல்லாவற்றுக்கும் இரட்டைப்படைதான். 63,001 வரை போனால் ஒற்றைப்படை விடை தருபவை வெறும் 126.

அந்த 126இலும் பாதி அடிபடும். 225ஐ எடுங்கள். 9 × 25. ராமானுஜனின் முதல் விதிப்படி அதன் டௌ இரண்டு எண்களின் பெருக்கல். பிறகு எப்படிப் பகா எண்ணாகும்? ஆகவே ஒரே ஒரு பகா எண்ணின் அடுக்காக இருப்பவைதான் மிச்சம். அதிலும் 3, 5, 7 மூன்றும் வேறு காரணத்தால் போய்விடும். டௌ(3) = 252 என்பது 3ஆல் வகுபடும். இரண்டாவது விதியில் போட்டால் 252² − 3¹¹ = −113643, அதுவும் 3ஆல் வகுபடும். 5க்கும் 7க்கும் இதே கதை. 11இலிருந்து 241 வரை உள்ள பகா எண்களின் வர்க்கங்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஏமாற்றுகின்றன. கடைசியில் 251இல் கதவு திறக்கிறது. 251 × 251 = 63,001.

டௌ(63001) = −80561663527802406257321747

இதுதான் முதலாவது. அதற்கு முன்னால் ஒன்றுகூட இல்லை. 1965இல் லேமர் இதை வெளியிட்டார். ராமானுஜன் இறந்து 45 வருடம் ஆகியிருந்தது.

இந்த எண்ணில் சில வேடிக்கைகள் உண்டு. இரண்டாவது விதிப்படி இது, 251இன் 11ஆம் அடுக்கிலிருந்து (அதுவே 27 இலக்கம்) டௌ(251)இன் வர்க்கத்தைக் கழித்தால் வருவது. 251ஐ 4ஆல் வகுத்தால் மீதி 3. அதன் ஒற்றைப்படை அடுக்குகளுக்கும் மீதி 3. கழிக்கப்படும் வர்க்கம் இரட்டைப்படை எண்ணுடையது, அது 4ஆல் வகுபடும். ஆகவே நம் எண்ணுக்கும் மீதி 3தான் வரவேண்டும். கடைசி இரண்டு இலக்கம் 47, வகுத்துப் பாருங்கள். சரியா? 4ஆல் வகுக்க மீதி 3 வரும் எந்த எண்ணையும் இரண்டு முழு எண்களின் வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியாது. 5 = 1 + 4, 13 = 4 + 9 என்பது போல இந்த 26 இலக்கத்தை யாராலும் பிரிக்க முடியாது. தேடியே பார்க்காமல் உறுதியாகச் சொல்லலாம்!

இன்னொன்று. ஓர் ஒற்றைப்படை எண்ணைச் சொன்னால், டௌ வரிசையில் அது அதிகபட்சம் சில இடங்களில்தான் வரமுடியும், முடிவில்லாமல் திரும்பத் திரும்ப வராது என்று ராம் மூர்த்தி, குமார் மூர்த்தி, ஷோரி மூவரும் 1987இல் நிரூபித்தார்கள். நம் எண்ணுக்கும் அது பொருந்தும்.

இதே வரிசையில் பின்னர் ராட்சதர்கள் அகப்பட்டார்கள். 157இன் 2206ஆம் அடுக்குக்கு டௌ கண்டால் வருவது 26,643 இலக்கம் கொண்ட ஒரு பகா எண்!

பகா எண் என்று எப்படித் தெரியும்?

26 இலக்க எண்ணைப் பகா எண் என்று சொல்வது சுலபம். நிரூபிப்பது? சாதாரண முறையில் அதன் வர்க்கமூலம் வரை வகுத்துப் பார்க்க வேண்டும். வர்க்கமூலம் சுமார் 9 லட்சம் கோடி. வினாடிக்கு 10 லட்சம் வகுத்தல் செய்யும் இயந்திரம் இருந்தாலும் நூறு நாளுக்கு மேல் ஆகும்.

குறுக்குவழி ஒன்று உண்டு, ஃபெர்மாவின் பெயரால். பகா எண்ணிலிருந்து 1ஐக் கழித்து, 2ஐ அத்தனை முறை பெருக்கி, அந்தப் பகா எண்ணால் வகுத்தால் மீதி 1 வரும் (2 தவிர மற்ற எல்லாப் பகா எண்களுக்கும்). நல்ல சோதனைதான். ஆனால் 341 என்று ஒரு திருடன் இருக்கிறான். 341 = 11 × 31, பகா எண்ணே இல்லை. ஆனால் 2இன் 340ஆம் அடுக்கை 341ஆல் வகுத்தால் மீதி 1! சோதனையில் தேறிவிடுவான். இங்கேயும் பாருங்கள், டேலி ஆகிறது, கணக்கு தப்பு.

இந்த ஓட்டையை அடைக்க லேமரே 1927இல் ஒரு வழி சொன்னார். எண்ணிலிருந்து 1ஐக் கழித்து, வருவதன் பகாக் காரணிகளை எல்லாம் கண்டுபிடியுங்கள். அந்தக் காரணி ஒவ்வொன்றாலும் அடுக்கைக் குறைத்துப் பார்க்கும்போது மீதி 1 வராமல், முழு அடுக்கில் மட்டும் 1 வந்தால், அது நிச்சயம் பகா எண். இனி சந்தேகமே வேண்டாம். 2இன் அடுக்கிலிருந்து 1ஐக் கழித்தால் வரும் எண்களுக்கென்று அவர் 1930இல் செம்மைப்படுத்திய சோதனை இன்னும் பிரபலம். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 4,10,24,320 இலக்கம் கொண்ட பகா எண் (2இன் 136279841ஆம் அடுக்கில் 1 குறைவு) அந்தச் சோதனையால்தான் உறுதியானது. அதுவும் எப்படி? முதலில் ஃபெர்மா வகைச் சோதனையில் "அநேகமாகப் பகா எண்" என்று வந்தது. அதோடு நிறுத்தவில்லை. லூக்கா–லேமர் சோதனையில் தேறிய பிறகே அறிவித்தார்கள்.

எந்த எண்ணைக் கொடுத்தாலும், ஊகம் எதையும் நம்பாமல், நியாயமான நேரத்தில் பகா எண்ணா இல்லையா என்று நிச்சயமாகச் சொல்லும் முறை 2002இல்தான் வந்தது. வந்த இடம் கான்பூர் ஐ.ஐ.டி. மணீந்திர அகர்வால் என்ற பேராசிரியரும், அப்போதுதான் பி.டெக் முடித்திருந்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா என்ற இரண்டு மாணவர்களும் சேர்ந்து செய்தது. நம் வயதுக்காரர்கள்!

691 என்ற தணிக்கையாளர்

இப்போது இருப்பாய்வு. பதினோராம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்த வாக்கியம் ஞாபகம் இருக்கிறதா? இருப்பாய்வின் பற்றும் வரவும் சமமாக இருப்பதாலேயே கணக்குகள் சரியானவை என்று ஆகிவிடாது. ஈடுசெய் பிழை இருக்கலாம், விதிப்பிழை இருக்கலாம், விடுபட்டுப் போயிருக்கலாம்.

டௌவுக்கும் ராமானுஜன் ஓர் இருப்பாய்வு கொடுத்திருக்கிறார், அதே 1916 கட்டுரையில். எந்த எண்ணை எடுத்தாலும் அதன் காரணிகள் ஒவ்வொன்றையும் 11ஆம் அடுக்குக்கு உயர்த்திக் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகையும் டௌவும் 691ஆல் வகுக்கும்போது ஒரே மீதி தரும். 2க்குப் பார்ப்போம்: 1 + 2048 = 2049. டௌ(2) = −24. இரண்டுக்கும் வித்தியாசம் 2073. அது 691 × 3. அடேங்கப்பா!

நம் 26 இலக்கத்துக்கும் இதைக் கையாலேயே செய்யலாம். 63001இன் காரணிகள் 1, 251, 63001. ஆகவே 1 + 251¹¹ + 251²². 691ஆல் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொண்டு போனால், 251²க்கு மீதி 120, 251¹¹க்கு 60, 251²²க்கு 145. மொத்தம் 1 + 60 + 145 = 206. மறுபக்கம் அந்த 26 இலக்கத்தை மூன்று மூன்று இலக்கமாகப் பிரியுங்கள்: 80, 561, 663, 527, 802, 406, 257, 321, 747. 80இல் தொடங்கி 309ஆல் பெருக்குங்கள் (1000ஐ 691ஆல் வகுத்தால் மீதி 309). அடுத்த துண்டைக் கூட்டுங்கள், 691ஆல் வகுத்து மீதியை எடுங்கள், திரும்பவும் அதையே செய்யுங்கள். கடைசியில் 485 வரும். நம் எண்ணுக்கு மைனஸ் குறி இருக்கிறது, ஆகவே 691 − 485 = 206.

டேலி!

நூறு வருடத்துக்கு முந்தைய கண்டுபிடிப்பால் ஒரு 26 இலக்க எண்ணைப் பேனாவும் பேப்பரும் கொண்டு சரிபார்த்துவிட்டோம். செய்து பார்க்கும்போது கிடைக்கிற சந்தோஷமே தனி. ஆனால் இதிலிருந்து என்ன தெரிந்தது? தப்பான எண்ணாக இருந்தாலும் 691இல் ஒரு வாய்ப்பில் இதே சோதனையில் தப்பித்திருக்கும். அது பகா எண்ணா என்பதைப் பற்றி இந்தச் சோதனை மூச்சே விடவில்லை. அதற்கு லேமர் வேலை செய்ய வேண்டியிருந்தது.

அதனால்தான் நாமகிரித் தாயார் கதையோடு நிறுத்திவிடுவதில் எனக்கு வருத்தம். அவருடைய பக்தியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கனவில் வந்தது என்று மட்டும் சொல்லிவிட்டால், முப்பது வரி அட்டவணையைக் கையால் போட்ட உழைப்பும் மறைந்துவிடுகிறது, 1913இல் தவறியதும் மறைந்துவிடுகிறது, அதற்குப் பிறகு அவர் கற்றுக்கொண்டதும் மறைந்துவிடுகிறது. 1919இல், எந்த எண்ணுக்கும் அதன் இருமடங்குக்கும் இடையில் ஒரு பகா எண் இருந்தே தீரும் என்ற பெர்ட்ராண்ட் கூற்றுக்கு அவர் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் ஒரு நிரூபணம் வெளியிட்டார். இரண்டே பக்கம். ஊகம் இல்லை, அட்டவணை இல்லை, முழு நிரூபணம். பகா எண்ணில் சறுக்கியவர் பகா எண்ணிலேயே எழுந்து நின்றார்.

கடைசியாக, இன்னும் முடியாத ஒரு கணக்கு. டௌ எப்போதாவது பூஜ்ஜியம் ஆகுமா? ஆகாது என்பது லேமரின் ஊகம். 1947இல் அவர் 33 லட்சத்துக்கு மேல் வரை சரிபார்த்தார். 2013 வாக்கில் 24 இலக்க எண் ஒன்று வரை சரிபார்த்துவிட்டார்கள். ஒரு பூஜ்ஜியம்கூட அகப்படவில்லை. வேறு எந்தத் துறையாக இருந்தாலும் இந்நேரம் கையெழுத்துப் போட்டுக் கணக்கை மூடியிருப்பார்கள். கணிதத்தில் மூடவில்லை. 24 இலக்கம் வரை டேலி ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். நிரூபணம் இன்னும் வரவில்லை.